தென்துருவத்துக் கல்பாசி

தென்துருவம்
ஜனவரி 20

அன்புள்ள ஜோதிக்கு,

நீ போனை எடுப்பதில்லை. எடுத்தாலும் இங்கே என் பின்னால் நாலு பேர் தங்கள் முறைக்காக நிற்பார்கள். அவர்கள் காதில் விழும்படி உன்னிடம் என்ன பேசுவது? அதனால் தாளில் எழுதி, போட்டோ எடுத்து அனுப்புகிறேன். ஒரு போட்டோ போய்ச் சேர அரை நாள் ஆகும் என்கிறார்கள். ஆகட்டும். நீ படிக்காவிட்டாலும் பரவாயில்லை, அழித்துவிடாதே.

அண்டார்டிகாக் கரையில் இருக்கிற எங்கள் ஆராய்ச்சி நிலையத்தில் இப்போது கோடைக்காலம். சூரியன் மறைவதே இல்லை. திருவிழா ராட்டினம் போலத் தலையைச் சுற்றிச் சுற்றி வருகிறது. வேலை நம் ஊர் லாரி ஷெட் வேலைதான். பனியில் ஓடுகிற சங்கிலி வண்டிகள், ஜெனரேட்டர்கள். எனக்குத் தெரிந்த ஒரே வாசனை டீசல். மற்றபடி இந்த இடத்துக்கு வாசனை என்பதே கிடையாது. மண் இல்லை, புல் இல்லை, குப்பைகூட இல்லை. மூக்கு இருப்பதே மறந்துவிடும் போலிருக்கிறது.

இங்கே சுஹாஸ் என்று ஓர் ஆராய்ச்சியாளர் இருக்கிறார். தி.நகர்க்காரர். நேற்று அவரை வண்டியில் பாறைப் பக்கம் கொண்டுபோய் விட்டேன். பனி விலகிய பாறையில் கறுப்பாக, காய்ந்து சுருண்ட இதழ் இதழாக ஒன்று ஒட்டிக்கொண்டிருந்தது.

"சார், இது எங்க வூட்ல கொயம்புல போடுவாங்களே, கல்பாசி, அத்து மாதிரியே கீது!"

அவர் அப்படியே உட்கார்ந்து சிரித்தார். "அதுக்குச் சொந்தக்காரன்தான் அண்ணா. ரெண்டுமே லைக்கன்."

அது செடியே இல்லையாம். ஒரு பூஞ்சையும் ஒரு பாசியும் சேர்ந்து நடத்துகிற குடித்தனமாம். பூஞ்சை சுவர் எழுப்பி, ஈரத்தைப் பிடித்து வைக்கிறது. பாசி உள்ளே உட்கார்ந்து வெயிலை வைத்துச் சமைக்கிறது. உள்ளங்கை அளவு வளரவே சில நூறு வருஷம் ஆகுமாம். அதனால் பார்த்துக் கால் வைக்கச் சொன்னார். அதற்கப்புறம் நான் பூனை மாதிரிதான் நடந்தேன்.

ஒருவர் வீடு கட்ட, ஒருவர் சமைக்க. நம்மைப் போல என்று நினைத்துக்கொண்டேன்.

நான் கிளம்பியபோது 'போ, போயி அங்கியே கெட' என்றாய். இங்கேதான் கிடக்கிறேன்.

தமிழ்மாறன்


பட்டினப்பாக்கம்
பிப்ரவரி 2

தமிழ்மாறனுக்கு,

போட்டோ வந்தது. படித்தேன். அழிக்கவில்லை.

அத்தை நன்றாக இருக்கிறது. தினமும் டிவியில் வானிலைச் செய்தி வரும்போது, "எம் புள்ள கீற ஊர இன்னும் காட்லியே" என்று கேட்கிறது. அந்த ஊரைக் காட்டமாட்டார்கள் என்றால் நம்புவதில்லை.

வீடு கட்டுகிறவன், சமைக்கிறவள். எனக்குச் சிரிப்புத்தான் வந்தது. வீடு கட்டுகிறவன் வீட்டை விட்டுவிட்டு உலகத்தின் அடியில் போய் உட்கார்ந்திருக்கிறான். சமைக்கிறவள் மட்டும் இருந்த இடத்திலேயே சமைத்துக்கொண்டிருக்கிறாள். அந்த இரண்டையும் பிரித்தால் என்ன ஆகும் என்று உன் சுஹாஸிடம் கேள்.

மெஸ்ஸில் நான் இப்போது அடுப்படியில் இல்லை. முன்னால் இலை போடுகிற வேலைக்கு மாற்றச் சொல்லிவிட்டேன். காய்ந்த எண்ணெயில் கல்பாசி விழுந்ததும் ஒரு வாசனை எழும்புமே, அது எனக்கு ஒத்துக்கொள்ளவில்லை. மெஸ் முதலாளி நல்லசிவம் அண்ணன் இடுப்பில் கைவைத்துக்கொண்டு, "இத்தனை வருஷம் ஒத்துக்கிட்டது, இப்ப என்னம்மா வந்துச்சு?" என்றார். தலைவலி என்றேன்.

மந்தைவெளியில் இருக்கிற மெஸ்ஸுக்கு நடந்தே போய் வருகிறேன். பஸ் குலுக்கல் பிடிக்கவில்லை.

வேறு ஒன்றும் இல்லை.

ஜோதிலட்சுமி


தென்துருவம்
பிப்ரவரி 18

ஜோதி,

சுஹாஸிடம் கேட்டேன். பிரித்துவிட்டால் பாசி ஈரமான இடமாகப் பார்த்து எப்படியோ பிழைத்துக்கொள்ளுமாம். பூஞ்சையின் பாடுதான் திண்டாட்டம். தனியாக வாழ அதற்கு அநேகமாகத் தெரியாதாம். நீ கேட்டாய், நான் பதில் சொல்லிவிட்டேன். என் பங்குக்கு எதையும் சேர்க்கவில்லை.

தலைவலி என்றாயே, கண்ணைக் காட்டினாயா?

முக்கியமான விஷயம். மார்ச் முதல் வாரம் கடைசிக் கப்பல் கிளம்புகிறது. அது போய்விட்டால் கடல் உறைந்துவிடும். நவம்பர் வரை யாரும் இங்கே வரவும் முடியாது, இங்கிருந்து போகவும் முடியாது. குளிர்காலத்துக்கு இன்னொரு மெக்கானிக் இருக்கிறார். நான் ஊருக்குப் போகிறேன் என்றால் நிலையத் தலைவர் தடுக்கமாட்டார். நீ வா என்று ஒரு வார்த்தை எழுது, போதும். காரணம்கூட வேண்டாம்.

போன ஜூனில் ஆஸ்பத்திரியிலிருந்து ஆட்டோவில் வெறுங்கையோடு வந்தோமே, அன்று நீ வழியெல்லாம் வெளியே பார்த்துக்கொண்டு வந்தாய். முதல் தடவை அழுதாய். இரண்டாவது தடவை, ஐந்தாம் மாதத்தில் போனபோது, அழக்கூட இல்லை. அதற்கப்புறம் நம் வீட்டில் தட்டு வைக்கிற சத்தம்தான் கேட்டது. இந்த வேலைக்கு ஆள் எடுக்கிறார்கள் என்று கேள்விப்பட்டதும் எழுதிக் கொடுத்துவிட்டேன். உன்னிடம் சொல்லாமல்தான் கொடுத்தேன். சொல்லியிருந்தால் நீ வேண்டாம் என்று சொல்லியிருப்பாயா, ஒன்றுமே சொல்லாமல் இருந்திருப்பாயா என்று இன்றைக்கும் எனக்குத் தெரியவில்லை.

நம் ஊர் மரங்களிலும் லைக்கன் உண்டாம். பட்டையில் சாம்பலும் பச்சையுமாகத் திட்டுத் திட்டாக இருக்குமாம். உன் கண்ணில் படுகிறதா என்று சுஹாஸ் கேட்கிறார்.

பதில் எழுது. கப்பலுக்கு முன்னால் எழுது.

தமிழ்


பட்டினப்பாக்கம்
பிப்ரவரி 27

வேலையை முடித்துவிட்டு வா. இப்போது வராதே.

நம் தெருவில் மரமே இரண்டுதான். அவற்றில் போஸ்டர்தான் ஒட்டியிருக்கிறது.

ஜோதி


தென்துருவம்
மார்ச் 8

ஜோதி,

கப்பல் போய்விட்டது. கரையில் நின்று கை ஆட்டினோம். அது சின்னதாகிச் சின்னதாகி, கடைசியில் கண்ணுக்குள் விழுந்த தூசி போல ஆகிவிட்டது. அப்புறம் அதுவும் இல்லை.

பறவைகளும் போய்விட்டன. பறவை எச்சம் விழுந்த பாறைகளில் மட்டும் ஒரு வகை லைக்கன் ஆரஞ்சு நிறத்தில் பூத்துக் கிடக்கிறது. பறவை கொடுத்த உரமாம். இத்தனை வெள்ளையில் அந்த நிறத்தைப் பார்த்ததும் மத்தியானக் கடற்கரையில் மாங்காய்ப் பத்தை மேல் தூவியிருக்கிற மிளகாய்த்தூள் ஞாபகம் வந்தது. தொட்டு நாக்கில் வைக்கலாமா என்றுகூட நினைத்தேன்.

வராதே என்று எழுதினாய். சரி.

தமிழ்


பட்டினப்பாக்கம்
ஏப்ரல் 20

மாமா,

உட்கார்ந்துகொண்டு படி. வண்டிக்கு அடியில் படுத்துக்கொண்டு படிக்காதே.

நான் முழுகாமல் இருக்கிறேன். நீ கிளம்புவதற்கு முன்பே தரித்திருக்கிறது, ஜனவரியில்தான் தெரிந்தது. போன தடவை எந்த மாதத்தில் போயிற்றோ அந்த மாதத்தைத் தாண்டியாகிவிட்டது. நேற்று ஸ்கேன் எடுத்தார்கள். டாக்டரம்மா திரையை என் பக்கம் திருப்பி, "பாரு, எப்படி உதைக்குதுன்னு" என்றார்கள். நான் பார்க்காமல் கண்ணை மூடிக்கொண்டேன். அப்புறம் பார்த்தேன்.

அத்தைக்கும் மார்ச் வரை சொல்லவில்லை. சொன்னதும் கையில் இருந்த முறத்தை அப்படியே போட்டுவிட்டு, "அடிப்பாவி, அவன் கிட்ட சொன்னியா?" என்றது. இல்லை என்றேன். குனிந்து முறத்தை எடுத்துக்கொண்டது. அதற்கப்புறம் அதைப் பற்றிக் கேட்கவே இல்லை.

நீ கோபப்படுவாய் என்று தெரியும்.

ஜோதி


தென்துருவம்
ஏப்ரல் 22

ஜோதி,

கப்பல் இருந்தது. நான் கேட்டேன். காரணம்கூட வேண்டாம் என்று எழுதினேன்.

இதற்கு மேல் எழுத வரவில்லை.


பட்டினப்பாக்கம்
மே 25

மாமா,

ஒரு மாதமாக உன்னிடமிருந்து ஒன்றும் இல்லை. இப்போது நான் கூப்பிட்டால் நீ எடுப்பதில்லை. நான் உனக்குச் செய்ததை நீ எனக்குச் செய்கிறாய், செய். நான் எழுதுவேன்.

டாக்டரம்மா தினமும் நடக்கச் சொன்னார்கள். ஒரு நாள் அத்தையைக் கூட்டிக்கொண்டு கிண்டி பூங்காவுக்குப் போனேன். வழியெல்லாம் மரங்களைப் பார்த்துக்கொண்டே போனேன். அடையாறு சிக்னல் பக்கத்தில் இருக்கிற மரங்களில் தூசிதான். கையால் துடைத்தேன், கறுப்பாக வந்தது. பூங்காவுக்குள்ளே போனதும் வேறு உலகம். ஒரு மரத்தின் இடுப்பு வரைக்கும் சாம்பல் வெள்ளையில் வட்டம் வட்டமாகப் படர்ந்திருந்தது. வெயில் இலைகளுக்குள் வடிந்து அந்த வட்டங்கள் மேல் மெதுவாக நகர்ந்தது. தண்ணீருக்கு அடியில் நிற்கிற மாதிரி இருந்தது எனக்கு. எவ்வளவு நேரம் நின்றேன் என்று தெரியாது.

அத்தை, "மரத்துக்கு இன்னா, தேமல் வந்துக்கீதா?" என்றது.

பக்கத்தில் பள்ளிக்கூடப் பெண்களுக்கு மரங்களைக் காட்டிக்கொண்டிருந்த டீச்சர் ஒருவர் இருந்தார். ஹம்சினி என்று பெயர் சொன்னார். அவர் திரும்பி, "நோய் இல்லம்மா. மரத்துக்கிட்டேர்ந்து அது ஒண்ணும் எடுத்துக்கறதில்ல. ஒட்டிண்டு இருக்க ஒரு இடம், அவ்ளோதான்" என்றார். அதற்கு வேரும் இல்லை, மேல்தோலும் இல்லையாம். காற்றில் என்ன வந்தாலும் அப்படியே குடித்துவிடுமாம். அதனால் புகை மிகுந்த இடத்தில் முதலில் சாவது அதுதானாம். அது அடர்ந்து இருக்கிற இடத்தில் நாமும் மூச்சு விடலாம் என்றார்.

அன்றிலிருந்து மெஸ்ஸுக்குப் பெரிய ரோடு வழியாகப் போவதை விட்டுவிட்டேன். உள் தெருக்களாகச் சுற்றிப் போகிறேன். நல்லசிவம் அண்ணனிடம் இன்னொன்றும் சொன்னேன். கல்பாசி மூட்டையில் மரப்பட்டையும் சேர்ந்து வருகிறது, மலையில் அடியோடு சுரண்டி எடுக்கிறார்கள், வளர எத்தனையோ வருஷம் ஆகுமாம், கை நிறையப் போடாதீர்கள், இரண்டு இதழ் போதும் என்று. "உன் புருஷன் அங்க போயி படிப்பா படிக்கிறான்?" என்று கேட்டார். ஆனால் குறைத்துவிட்டார். குழம்பு ஒன்றும் கெட்டுப்போகவில்லை.

குழந்தை உன்னைப் போலத்தான். நான் படுத்ததும் வேலையை ஆரம்பிக்கிறது.

ஜோதி


தென்துருவம்
ஜூன் 21

ஜோதி,

சூரியன் போய் ஒரு மாதமாகிறது. பகல் உணவு நேரத்தில் வடக்கே அடிவானத்தில் கொஞ்சம் ஊதாப்பூ நிறம் தெரியும், அதுதான் பகல். வெளியே போனால் மூச்சு பொடிப்பொடியாக உறைந்து உதிருகிறது. சில சமயம் வானத்தில் பச்சைச் சேலையை யாரோ உதறிக் காயப்போடுகிற மாதிரி வெளிச்சம் ஆடுகிறது. அதைப் பார்த்துக்கொண்டு நிற்கும்போது நான் விழித்திருக்கிறேனா, இல்லையா என்பதே தெரியாது.

உன் மேல் இருந்த கோபத்தோடு பத்துப் பேர் செய்கிற வேலையைச் செய்தேன். எல்லா வண்டியையும் பிரித்து மறுபடி மாட்டினேன். பிரிக்க இன்னும் வண்டி இல்லை. அப்புறம் கோபம் யார் மேல் என்று பார்த்தேன். உன் பிப்ரவரிக் கடிதத்தைத் திரும்பப் படித்தேன். எண்ணெய் வாசனை ஒத்துக்கொள்ளவில்லை, பஸ் குலுக்கல் பிடிக்கவில்லை என்று எழுதியிருக்கிறாய். நான் கண்ணைக் காட்டினாயா என்று கேட்டிருக்கிறேன்.

சுஹாஸ் கோடையில் எடுத்து வைத்திருந்த லைக்கனைப் போன வாரம் பெட்டியிலிருந்து எடுத்தார். தொட்டால் நொறுங்கும். அடுப்பில் கருகிய அப்பளம் மாதிரி இருந்தது. அதன் மேல் தண்ணீரைத் தெளித்துவிட்டு, "கொஞ்சம் இருங்க அண்ணா" என்றார். நாங்கள் டீ குடித்து முடிப்பதற்குள் அது மெத்தென்று விரிந்து, கறுப்புக்கு உள்ளேயிருந்து பச்சை எழும்பியது. பக்கத்தில் ஒரு மீட்டர். அதில் முள் நகர்ந்தது. "மூச்சு விட ஆரம்பிச்சுடுச்சு" என்றார்.

என்னால் அங்கே உட்கார முடியவில்லை. எழுந்து வந்துவிட்டேன்.

அவர் வேலை செய்துகொண்டே கதை சொல்வார். வடதுருவத்துப் பக்கம் மான்கள் பனியைக் குளம்பால் கிளறி இதைத் தின்றுதான் குளிர்காலத்தை ஓட்டுமாம். சாயம் காய்ச்சுவார்களாம், அத்தரில் சேர்ப்பார்களாம். பள்ளிக்கூடத்தில் லிட்மஸ் தாள் பார்த்தோமே, அந்த நீலம்கூட இதிலிருந்து வந்ததுதானாம். பாறையைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைத்து மண் ஆக்குவதும் இதுவே. மண் இல்லாத இடத்துக்கு முதலில் போய் உட்காருகிறது. மற்றதெல்லாம் அப்புறம் வரும்.

நீ எப்படி இருக்கிறாய்? கால் வீங்குகிறதா? மறைக்காமல் எழுது. நான் அங்கே இல்லை. ஆனால் இனி எதையும் பாதி மட்டும் சொல்லாதே.

தமிழ்


பட்டினப்பாக்கம்
ஜூலை 14

மாமா,

மறைக்காதே என்றாய். கால் வீக்கம் முகத்துக்கும் வந்துவிட்டது. பிரஷர் ஏறியிருக்கிறது. இன்றே சேரச் சொல்லிவிட்டார்கள். பையை அத்தை கட்டுகிறது. நாள் இன்னும் இருக்கிறது, ஆனால் பிரஷர் இறங்காவிட்டால் முன்பே எடுத்துவிடுவார்களாம்.

பயமாக இருக்கிறது. உன்னிடம் பயம் என்று நான் எழுதுவது இதுதான் முதல் தடவை.

கீழே ஷாஹுல் ஹமீது ஆட்டோவை நிறுத்திவிட்டு, "அக்கா, மெதுவா வா, அவசரமில்ல" என்று கத்துகிறான்.

ஜோதி


தென்துருவம்
ஜூலை 16

ஜோதி,

உன் கடிதம் வந்தது. அதைப் படித்து முடிக்கும்போதே புயல் பிடித்துக்கொண்டது. டிஷ் ஆன்டெனா திரும்பிவிட்டது. போன் இல்லை, நெட் இல்லை. காற்று நின்றால்தான் வெளியே போய்ச் சரிசெய்ய முடியும். இந்தக் கடிதம் இப்போது போகாது. தெரிந்தும் எழுதுகிறேன்.


ஜூலை 17

காற்று நிற்கவில்லை. கதவைத் திறந்தேன். தலைவர் என் தோளைப் பிடித்து உள்ளே இழுத்து, "நீ போய்ச் செத்தா அவங்களுக்கு என்ன பிரயோஜனம்?" என்று சத்தம் போட்டார். சுஹாஸ் என் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார். ஒரு தட்டில் சோறு கொண்டுவந்து வைத்தார்.


ஜூலை 18

அந்த ஆட்டோவில் நான் இல்லை. போன தடவை ஆட்டோவில் நான் இருந்தேன், இருந்தும் உன் கையைப் பிடிக்கவில்லை. எது பெரிய குறை என்று இங்கே உட்கார்ந்து எடை போட்டுக்கொண்டிருக்கிறேன்.

ஜோதி, நீ இரு. மற்றது எதுவானாலும் சரி. நீ இரு.


ஜூலை 19

காற்று தணிந்தது. நானும் இன்னும் இரண்டு பேரும் கயிறு கட்டிக்கொண்டு மேலே ஏறுகிறோம்.


பட்டினப்பாக்கம்
ஜூலை 26

மாமா,

உன் நான்கு கடிதமும் ஒன்றாக வந்தன. உன் குரலைப் போனில் கேட்ட பிறகுதான் அவற்றைப் படித்தேன். அன்று நீ "ஜோதி, ஜோதி" என்று மட்டுமே சொல்லிக்கொண்டிருந்தாய். பின்னால் இத்தனை பேர் நிற்பார்கள் என்றாயே, அன்று யாரும் நிற்கவில்லையா?

போனில் சொன்னதையே எழுதியும் வைக்கிறேன். பெண். எடை குறைவு. கண்ணாடிப் பெட்டியில் வைத்திருக்கிறார்கள். நான் வராந்தா வழியாகச் சுவரைப் பிடித்துக்கொண்டு போய்ப் பார்த்துவிட்டு வருகிறேன். பெட்டியின் ஓட்டை வழியாகக் கையை விடலாம். நேற்று விட்டேன். சும்மா பக்கத்தில் வைத்திருந்தேன். அவளாகவே காலைக் கொண்டுவந்து என் விரல் மேல் வைத்தாள்.

அத்தை அவளுக்குச் சீமாட்டி என்று பெயர் வைத்துவிட்டது. "எங்க குடும்பத்துல ஏசி ரூம்ல பொறந்து ஏசி பெட்டில தூங்குறது இவ ஒருத்திதான்."

டாக்டரம்மா இன்று காலையில், மூச்சு தானாக விடுகிறாள், குழாயை எடுத்துவிடலாம் என்றார்கள். நான் வெளியே வந்து படிக்கட்டில் உட்கார்ந்து அழுதேன். மூன்று தடவைக்கும் சேர்த்து அழுதேன். யாரோ ஒரு அம்மா தண்ணீர் பாட்டிலைக் கொடுத்துவிட்டுப் போனார்கள்.

ஜோதி


தென்துருவம்
ஆகஸ்ட் 5

ஜோதி,

நீ அனுப்பிய போட்டோ நேற்று முழுக்க இறங்கியது. முதலில் நெற்றி, அப்புறம் மூக்கு, அப்புறம் வாய் என்று மேலிருந்து வரி வரியாக வந்தது. நிலையம் மொத்தமும் என் பின்னால் நின்று பார்த்தது. மோவாய் வந்ததும் சுஹாஸ், "தமிழ் அண்ணாவேதான்!" என்றார். அழகாக இருக்கிறாள் என்று சொல்லாமல் இதை ஏன் சொன்னார் என்று தெரியவில்லை.

சூரியன் திரும்பி வந்துவிட்டது. பாறை மேல் கொஞ்ச நேரம் விழுந்துவிட்டுப் போகிறது. அந்த நேரத்தில் நான் வெளியே போய் முகத்தைக் காட்டிக்கொண்டு நிற்கிறேன்.

தமிழ்


பட்டினப்பாக்கம்
ஜனவரி 6

மாமா,

வேலை முடிந்து நீ கேப் டவுனில் இறங்கிவிட்டாய் என்று கேட்டதும் அத்தை தெரு முழுக்கச் சொல்லிவிட்டது. தினமும் போனில் பேச ஆரம்பித்த பிறகு நாம் எழுதுவதை விட்டுவிட்டோம். ஆனால் இதைப் பேச வாய் வரவில்லை. நீ விமானத்தில் ஏறுவதற்கு முன்னால் படி.

கப்பல் இருந்ததே, ஏன் சொல்லவில்லை என்று நீ ஒரு தடவை கேட்டாய். அப்புறம் கேட்கவே இல்லை. நான் சொல்கிறேன். சொல்லியிருந்தால் நீ வந்திருப்பாய். வந்து தினமும் என் முகத்தையே பார்த்துப் பயந்திருப்பாய். நான் இருமினால்கூட எழுந்து நிற்பாய். என் பயத்தோடு உன் பயத்தையும் சுமக்க எனக்குத் தெம்பு இல்லை. மறுபடி அந்தக் கப்பல் வந்து நின்றாலும் நான் அதையேதான் எழுதுவேன்.

அதற்காக நீ இல்லாதது சரி என்று ஆகிவிடாது. ஆஸ்பத்திரியில் கையெழுத்துக்கு "புள்ளையோட அப்பா எங்கம்மா?" என்று கேட்டபோதெல்லாம் உன் மேல் வந்த கோபம் அப்படியே இருக்கிறது. அது போனில் தீராது. நேரில் வந்து வாங்கிக்கொள்.

இப்போது பாப்பாவைப் பற்றி. அவளுக்குப் புது ஆட்களைப் பிடிப்பதில்லை. உதட்டைப் பிதுக்குவாள். அப்புறம் தெருவுக்கே கேட்கும். நீ தாடியும் கறுத்த முகமுமாக வந்து நின்றால் கட்டாயம் அழுவாள். மனசு உடைந்துபோகாதே. ஓடி வந்து தூக்காதே, முகத்துக்குக் கிட்டே வந்து கொஞ்சாதே. பாயில் அவளுக்குப் பக்கத்தில் படுத்துக்கொள். அவள் பக்கம் பார்க்காமல் என்னோடு ஏதாவது பேசிக்கொண்டிரு. ஒரு மணி நேரம் ஆகலாம், ஒரு நாள் முழுக்க ஆகலாம்.

அவளாகக் கையை நீட்டி உன் தாடியைப் பிடிப்பாள். பிடித்தால் இலேசில் விடமாட்டாள், நன்றாக வலிக்கும். அசையாமல் இரு.

ஜோதி